ஆகாய விமானத்தில் அழும் குழந்தை: குற்றவாளி யார்?

ஆகாய விமானத்தில் பிரயாணம் செய்கின்ற கனவான்களுக்குள் ஒரு வழக்கு வெகு நாளாக நடந்து வருகின்றது. வழக்கில் வாதி, பணங்கொடுத்து டிக்கெட்டு வாங்கிய பெரிய மனிதர். பிரதிவாதி, பால்குடி மறவாத பச்சைக் குழந்தை. குற்றம் என்னவென்றால், அது அழுதது என்பதாகும். வாதியே சாட்சியாகவும், வாதியே நீதிபதியாகவும் இருந்து தீர்ப்புச் சொல்லிவிடுகின்றபடியால், பிரதிவாதியின் பக்கத்தில் என்ன நியாயம் இருக்கின்றது என்று கேட்பார் யாரும் இல்லை. பிரதிவாதிக்கோ பேசத் தெரியாது. அதற்குத் தெரிந்த ஒரே பாஷை அழுகை. அந்தப் பாஷையில் பேசியதையே குற்றம் என்று சொல்லிவிட்டால் அது வேறு என்னதான் செய்யும்?

இது ஏதோ பணக்காரர் சங்கதி, நமக்கென்ன என்று நமது தோழர்களில் சிலர் நினைக்கக் கூடும். அப்படி நினைப்பது தப்பு. ஆகாய விமானம் ராஜாக்களுக்கும் மில் முதலாளிகளுக்கும் மட்டுமே என்றிருந்த காலம் போய்விட்டது. இன்று வளைகுடா நாடுகளிலும், சிங்கப்பூரிலும், மலேசியாவிலும் உழைக்கப் போயிருக்கின்ற நம்மவர்கள் எத்தனையோ பேர். அவர்களுடைய மனைவிமார் கைக்குழந்தையை எடுத்துக்கொண்டு முதல் முதலாக விமானம் ஏறுகின்றார்கள். அங்குள்ள வழக்கம் ஒன்றும் தெரியாத அந்தப் பெண்ணின் மடியில் குழந்தை வீறிட்டு அழும்போது, சுற்றியுள்ளவர்கள் பார்க்கின்ற பார்வையிலேயே அவள் கூனிக் குறுகிப் போகின்றாள். யாதொரு தப்பும் செய்யாத ஒருத்தி தலைகுனிய வேண்டியிருக்கின்றதென்றால், அங்கே ஒரு மனித ஜீவனின் மானத்துக்குக் கேடு நேர்ந்திருக்கின்றது என்பதுதானே அர்த்தம்? ஆதலால்தான் இதைப்பற்றிச் சற்று விரிவாகவே எழுத முன்வந்தோம்.

அழுகைக்குக் காரணம்

எந்தச் சங்கதியானாலும் அதன் காரணத்தைத் தேடிப் பார்ப்பதுதான் அறிவுடையவன் வேலை. நமது கிராமத்தில் ஒரு குழந்தை விடாமல் அழுதால் என்ன செய்கின்றார்கள்? கண்ணேறு பட்டுவிட்டது என்று சொல்லி, மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போடுகின்றார்கள். விமானத்தில் உள்ள படித்த கனவான் என்ன சொல்லுகின்றார்? "வளர்த்த லட்சணம் சரியில்லை" என்கின்றார். முன்னவர் எதிர்வீட்டுக்காரியின் கண்மேல் பழி போடுகின்றார். பின்னவர் பெற்ற தாயின்மேல் பழி போடுகின்றார். இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம் உடுப்பில் இருக்கின்றதே ஒழிய அறிவில் இருப்பதாகத் தெரியவில்லை. இருவருமே குழந்தைக்கு எங்கே வலிக்கின்றது என்று பார்க்கவில்லை.

வலி காதில் இருக்கின்றது. நமது செவிப்பறைக்கு உட்புறத்தில் காற்று நிறைந்த சிறு அறை ஒன்று இருக்கின்றது. அந்த அறையிலிருந்து மூக்குக்குப் பின்னால் தொண்டையின் மேற்பகுதிக்கு ஒரு மெல்லிய குழாய் செல்லுகின்றது. உள்ளே உள்ள காற்றின் அழுத்தமும் வெளிக்காற்றின் அழுத்தமும் சமமாக இருக்கும்படி பார்த்துக்கொள்வது அந்தக் குழாயின் வேலை. நாம் எச்சில் விழுங்கும்போதும், கொட்டாவி விடும்போதும் அது திறந்து மூடுகின்றது.

பெரிய விமானங்கள் சாதாரணமாக 30,000 முதல் 40,000 அடி உயரத்தில் பறக்கின்றன. அவ்வளவு உயரத்துக் காற்றில் மனிதன் உயிர் வாழ முடியாதாகையால், விமானத்துக்குள் காற்றை அழுத்தி வைத்திருக்கின்றார்கள். என்றாலும் தரையில் உள்ள அளவுக்கு அழுத்தி வைப்பதில்லை. 6,000 அல்லது 8,000 அடி உயரமுள்ள மலையில் எவ்வளவு அழுத்தம் இருக்குமோ அவ்வளவுதான் உள்ளே இருக்கும். உதகமண்டலம் சுமார் 7,350 அடி உயரம் என்பது நமக்குத் தெரியும். ஆகவே விமானத்தில் உட்கார்ந்திருப்பவன் ஏறக்குறைய ஊட்டி மலைமேல் உட்கார்ந்திருப்பவனுக்கு ஒப்பாவான். மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில் அந்த உயரத்திற்கு ஏறுவதற்கு 5 மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறையப் பிடிக்கின்றது. மோட்டாரில் வேகமாக மலை இறங்குகின்றவர்களுக்கே காது அடைத்துக்கொள்வது வழக்கம். விமானமோ சுமார் அரை மணி நேரத்தில் பிரயாணிகளை மலை உச்சியிலிருந்து கடற்கரைக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடுகின்றது.

அப்படி இறங்கும்போது வெளிக்காற்றின் அழுத்தம் நிமிஷத்துக்கு நிமிஷம் கூடிக்கொண்டு வருகின்றது. காதின் உள்ளறையில் அழுத்தம் குறைவாயிருப்பதால் செவிப்பறை உட்பக்கமாக இழுக்கப்படுகின்றது. வலி என்பது இதுதான். விஷயம் தெரிந்த பெரிய மனிதர் மிட்டாயைச் சப்புகின்றார். வாயைத் திறந்து கொட்டாவி விடுகின்றார். உடனே காது திறந்துகொள்ளுகின்றது. குழந்தைக்கோ அந்தக் குழாய் குட்டையாகவும், குறுகலாகவும், பெரியவர்களுக்கு உள்ளதைப் போல் சாய்வாக இல்லாமல் படுக்கை வாட்டமாகவும் இருக்கின்றது. சளியும் பிடித்திருந்தால் கேட்க வேண்டியதே இல்லை. எச்சிலை விழுங்கு என்று அதனிடம் சொல்லி விளங்க வைக்க முடியுமா? அது அழுகின்றது. அழும்போது வாய் திறக்கின்றது, எச்சில் உள்ளே போகின்றது. அதனால் அடைப்பு நீங்கவும் கூடும். எந்த அழுகையைக் கனவான் குற்றம் என்கின்றாரோ, அதுவே அக்குழந்தைக்குத் தெரிந்த ஒரே வைத்தியமாகவும் இருக்கின்றது.

இதற்கு மந்திரமும் வேண்டாம், தாயத்தும் வேண்டாம். விமானம் கிளம்பும்போதும், முக்கியமாக இறங்கத் தொடங்கும்போதும் குழந்தைக்குத் தாய்ப்பாலோ, புட்டிப்பாலோ கொடுத்து விழுங்கிக்கொண்டே இருக்கும்படி செய்தால் போதும். இறங்கத் தொடங்கும்போது தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பிப் பால் கொடுப்பது நலம். விமானத்துக்குள் காற்று மிகவும் வறண்டிருப்பதால் இடையிலும் தாகத்துக்குக் கொடுத்து வர வேண்டும். கடுஞ்சளியோ காதுவலியோ இருந்தால் வைத்தியரைக் கேட்டுக்கொண்டு ஏறுவதே புத்திசாலித்தனம்.

இன்னொன்றும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகின்றோம். அக்கம்பக்கத்தாரின் ஏச்சுக்குப் பயந்து, குழந்தை தூங்கிப்போகட்டும் என்று சளி மருந்தை ஊற்றிவிடுகின்ற வழக்கம் ஒன்று பல தேசங்களிலும் பரவியிருக்கின்றது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இது மூச்சையே கெடுக்கக் கூடிய ஆபத்தான காரியம். சில குழந்தைகளுக்கு அம்மருந்து தூக்கம் கொடுப்பதற்குப் பதிலாக வெறிபிடித்தாற்போன்ற பரபரப்பையும் கொடுத்துவிடுகின்றது. பக்கத்து ஆசனக்காரரின் இரண்டு மணி நேரத் தூக்கத்துக்காகப் பெற்ற பிள்ளைக்கு மயக்க மருந்து கொடுக்கும் நிலைமைக்கு ஒரு தாய் தள்ளப்படுகின்றாளென்றால், அந்தப் பாவத்தில் முகஞ்சுளித்த ஒவ்வொருவருக்கும் பங்கு உண்டு.

மன்னிப்புச் சீட்டு

2019-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் ஒரு சமாச்சாரம் உலகமெங்கும் பேசப்பட்டது. தென்கொரியாவின் சியோல் நகரத்திலிருந்து அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரத்துக்குப் போன விமானத்தில், நாலு மாதக் குழந்தையோடு ஏறிய ஒரு தாய், 200-க்கு மேற்பட்ட பிரயாணிகளுக்கு ஆளுக்கொரு பை கொடுத்தார். அதில் மிட்டாயும், காதில் அடைத்துக்கொள்ளும் பஞ்சு போன்ற அடைப்பானும், தான் அழுதால் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று குழந்தையே வேண்டிக்கொள்வது போல் எழுதிய ஒரு சீட்டும் இருந்தன. இதைக் கேட்டவர்கள் ஆகா, என்ன மரியாதை, என்ன நாகரிகம் என்று புகழ்ந்தார்கள்.

அந்தத் தாயின் நல்ல மனத்தைப் பற்றி நமக்கு ஆட்சேபனை இல்லை. ஆனால் புகழ்ந்தவர்களைப் பார்த்து ஒன்று கேட்கின்றோம். இன்னும் அழவே இல்லாத ஒரு குழந்தைக்காக 200 பேரிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று ஒரு தாய்க்குத் தோன்றும்படி செய்தது யார்? குறட்டை விடுகின்றவர் எவராவது பை கொடுத்ததுண்டா? பின்னால் இருப்பவன் முழங்காலில் இடிக்கும்படி நாற்காலியைச் சாய்க்கின்றவர் மிட்டாய் கொடுத்ததுண்டா? கைபேசியில் ஊர் கேட்கப் பாட்டு வைக்கின்றவர் சீட்டு எழுதியதுண்டா? இல்லை. தெரிந்து தொந்தரவு செய்கின்றவனுக்கு வெட்கமில்லை; தெரியாமல் அழும் குழந்தையின் தாய்க்கு மட்டும் மன்னிப்புச் சீட்டு! ஒருத்தி செய்ததைப் புகழ்ந்து புகழ்ந்தே அதை மற்றவர்களுக்குக் கட்டாயமாக்கிவிடுவது நம் சமூகத்தில் பல சடங்குகள் உண்டான வழியாகும். 200 பை வாங்கப் பணமில்லாத ஏழைத் தாய் நாளைக்கு மரியாதை தெரியாதவள் ஆகிவிடுவாள்.

மௌன வியாபாரம்

விமானக் கம்பெனிக்காரர்கள் இந்தச் சண்டையைச் சும்மா விட்டுவிடவில்லை. சண்டை நடக்கும் இடத்தில் கடை போட்டால் வியாபாரம் நடக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். 2011-ல் மலேசியா ஏர்லைன்ஸ் கம்பெனி தன்னுடைய பெரிய விமானங்களின் முதல் வகுப்பில் கைக்குழந்தைகள் கூடாது என்றது. 2013-ல் ஏர் ஏசியா எக்ஸ் கம்பெனியும், சிங்கப்பூரின் ஸ்கூட் கம்பெனியும் 12 வயதுக்குட்பட்டவர்கள் உட்காரக் கூடாத அமைதிப் பகுதிகளை ஏற்படுத்தின. 2016-ல் நமது நாட்டு இண்டிகோ கம்பெனியும் சில வரிசைகளை அவ்வாறே ஒதுக்கியது. 2023 நவம்பரில் கோரெண்டன் என்ற கம்பெனி, ஆம்ஸ்டர்டாமிலிருந்து குராசாவ் தீவுக்குப் போகும் விமானத்தில் 16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்று ஒரு பகுதியைத் தடுத்து, அதற்குத் தனிக் கட்டணமும் வைத்தது.

நோயாளியும், இரவெல்லாம் உழைத்தவனும் நிம்மதியாகத் தூங்க ஆசைப்படுவதில் தப்பில்லை. குழந்தையின் கூச்சல் காதுக்கு இனிமை என்றும் நாம் சொல்ல வரவில்லை. ஆனால் இந்த வியாபாரத்தின் யோக்கியதையைப் பார்க்க வேண்டாமா? ஒரே குழாய் போன்ற விமானத்துக்குள் ஒரு திரையைப் போட்டுவிட்டால் சத்தம் அதைக் கண்டு திரும்பிப் போய்விடுமா? குடித்துவிட்டு உளறுகின்ற நாற்பது வயதுக்காரர் பணங்கொடுத்தால் அமைதிப் பகுதியில் தாராளமாக உட்காரலாம்; தாய் மடியில் தூங்குகின்ற குழந்தை உட்காரக் கூடாது. அப்படியானால் விற்பனை செய்வது அமைதியையா, குழந்தைமேல் உள்ள வெறுப்பையா என்று கேட்கின்றோம்.

ஆசனத்துக்குத் தனிக் கட்டணம் வசூலிக்கின்ற முறையும் இப்படிப்பட்டதுதான். பணம் கட்டாத குடும்பத்தைத் தாயை ஓரிடத்திலும் பிள்ளையை ஓரிடத்திலுமாகப் பிரித்துப் போட்டுவிடுவது. பிறகு தாய் மற்றவர்களிடம் இடம் மாற்றிக்கொள்ளும்படி கெஞ்சுவது. பணங்கட்டி உட்கார்ந்தவர் மறுப்பது. இருவரும் ஒருவரை ஒருவர் மரியாதை கெட்டவர் என்பது. கம்பெனிக்காரன் போட்ட முடிச்சைப் பிரயாணிகள் பல்லால் கடித்து அவிழ்க்கின்றார்கள். இந்திய சர்க்காரின் விமானப் போக்குவரத்து இலாகா 2024 ஏப்ரலில், 12 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு, அதே டிக்கெட்டில் வருகின்ற பெற்றோர் அல்லது காப்பாளர் ஒருவருடைய பக்கத்தில் இடம் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. இப்படி ஓர் உத்தரவு போட வேண்டி வந்ததிலிருந்தே, அதுவரை சண்டைக்குக் காரணம் யார் என்பது விளங்கவில்லையா?

பெரியவர்களின் லட்சணம்

நிற்க, விமானத்தில் ஒழுங்கு கெட்டு நடப்பவர்கள் யார் என்று கணக்கைப் பார்ப்போம். அமெரிக்க விமான நிர்வாக இலாகாவுக்கு 2021-ம் வருஷத்தில் மட்டும் பிரயாணிகளின் முரட்டு நடத்தையைப் பற்றி 5,973 புகார்கள் வந்தன. அவற்றில் 4,290 புகார்கள், தொற்றுநோய்க் காலத்தில் முகக்கவசம் போடமாட்டேன் என்று தகராறு செய்ததைப் பற்றியவை. பணிப்பெண்களை அடித்ததும், வாயில் வந்தபடி ஏசியதும் பால்குடிக் குழந்தைகளா?

நமது நாட்டில் 2017-ல் செய்யப்பட்ட விதியைப் பாருங்கள். முரட்டுப் பிரயாணிகளை மூன்று தரமாகப் பிரித்திருக்கின்றார்கள். குடிவெறியும், வாயால் ஏசுவதும், ஆபாசச் சைகையும் முதல் தரம். அதற்கு 3 மாதம் வரை விமானம் ஏறத் தடை. கைநீட்டுவது இரண்டாவது தரம். அதற்கு 6 மாதம் வரை தடை. உயிருக்கு ஆபத்து உண்டாக்குவது மூன்றாவது தரம். அதற்கு 2 வருஷமோ அதற்கு மேலுமோ தடை. இதில் எந்தத் தரத்தில் அழுகை சேர்ந்திருக்கின்றது? சட்டத்துக்குத் தெரிந்த உண்மை கனவான்களுக்கு மட்டும் தெரியவில்லை.

ராஞ்சியில் நடந்தது

குழந்தையின் நடத்தையைப் பெரியவர்கள் தங்கள் இஷ்டம் போல் அளந்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2022-ம் வருஷம் மே மாதம் ராஞ்சி விமான நிலையத்தில் நடந்ததே சாட்சி. மாற்றுத்திறனுடைய ஒரு குழந்தை தன் பெற்றோருடன் ஹைதராபாத் போவதற்காக வந்திருந்தது. வந்த களைப்பினாலோ புது இடத்தின் சந்தடியாலோ கலவரப்பட்டிருந்த அக்குழந்தையை, மற்ற பிரயாணிகளின் பாதுகாப்பு என்று காரணம் சொல்லி, இண்டிகோ கம்பெனியார் ஏற்ற மறுத்துவிட்டார்கள். பிள்ளையை விட்டுவிட்டு எந்தத் தாய் தகப்பன் ஏறுவார்கள்? மூவரும் போகவில்லை. யாருடைய பாதுகாப்புக்காக என்று சொன்னார்களோ அந்தப் பிரயாணிகளே, அவர்களில் வைத்தியர்களும் சேர்ந்து, குழந்தையை ஏற்றுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கின்றோம் என்று வாதாடியும் பலிக்கவில்லை. சர்க்கார் விசாரித்து, அம்மாதம் 28-ந்தேதி கம்பெனிக்கு 5 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. பிறகு ஜூலை மாதத்தில், வைத்தியர் நேரில் பார்த்து எழுத்தில் அபிப்பிராயம் சொல்லாமல், ஊனத்தைக் காரணமாக வைத்து யாரையும் ஏற்ற மறுக்கக் கூடாது என்று விதியும் திருத்தப்பட்டது.

இந்தச் சம்பவத்தில் நாம் சந்தோஷப்பட வேண்டியது அபராதத்தைப் பற்றியல்ல. சக பிரயாணிகள் அன்று அந்தக் குழந்தையின் பக்கம் நின்றார்களே, அதுதான் பிரயாண மரியாதை. முகஞ்சுளிப்பது யாருக்கும் வரும். எழுந்து நின்று கேட்பதற்குத்தான் மனிதத் தன்மை வேண்டும்.

பெற்றோருடைய கடமை

இவ்வளவும் சொன்னதால் பெற்றோர்களுக்குப் பொறுப்பே இல்லை என்று யாரும் அர்த்தம் பண்ணிக்கொள்ள வேண்டாம். கைக்குழந்தை வேறு, விவரம் தெரிந்த பிள்ளை வேறு. நாலு வயதுப் பிள்ளை முன் ஆசனத்தை உதைத்துக்கொண்டே இருப்பதையும், நடைவழியில் ஓடுவதையும் தகப்பன் பார்த்துக்கொண்டு கைபேசியைத் தடவிக்கொண்டிருந்தானானால் அவனைக் கண்டிக்கத்தான் வேண்டும். அந்த நடைவழியில்தான் கொதிக்கின்ற காப்பியும் டீயும் வண்டியில் வருகின்றன. ஆகவே அது மரியாதைப் பிரச்சினை மாத்திரமல்ல, பிள்ளையின் உடம்பைப் பற்றிய பிரச்சினையுமாகும்.

ஆனால் எப்படிக் கண்டிப்பது? நம்மவர்கள் பெரும்பாலும் செய்வதென்ன? "போலீஸ்காரன் பிடித்துக்கொள்வான்", "பூச்சாண்டி வருவான்", "சாமி கண்ணைக் குத்தும்" என்கின்றார்கள். பிள்ளைக்கு முதலில் பயத்தையும் பிறகு பொய்யையும் சொல்லிக் கொடுக்கின்றார்கள். போலீஸ்காரன் வரவில்லை என்று கண்டதும் பிள்ளை மறுபடியும் உதைக்கின்றது. காரணத்தைச் சொன்னால் பிள்ளைக்குப் புரியாது என்பது பெரியவர்களின் சோம்பேறித்தனம். 2024 மே மாதம் 21-ந்தேதி லண்டனிலிருந்து சிங்கப்பூருக்கு வந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் காற்றுக் குழப்பத்தில் அகப்பட்டு, 4.6 விநாடியில் 178 அடி கீழே விழுந்தது. பெல்ட் போடாதவர்கள் தூக்கி எறியப்பட்டுக் கூரையில் மோதினார்கள். பலருக்குப் பலத்த காயம், ஒருவர் இறந்தார். "காற்று திடீரென்று குலுக்கும், பெல்ட் போட்டால் நீ ஆசனத்திலேயே இருப்பாய், போடாவிட்டால் தலை மேலே இடிக்கும்" என்று ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சொன்னால் அதற்குப் புரியாதா? "நீ உதைப்பது முன்னால் உள்ள தாத்தாவுக்கு முதுகில் வலிக்கும்" என்றால் புரியாதா? புரியும். பூச்சாண்டிக்குப் பயந்து அடங்குகின்ற பிள்ளை அடிமையாகும். காரணம் தெரிந்து அடங்குகின்ற பிள்ளை மனிதனாகும்.

மடியில் உள்ள உயிர்

கடைசியாக, எல்லாவற்றிலும் முக்கியமானதைச் சொல்லுகின்றோம். குழந்தையின் சத்தத்தைப் பற்றி இவ்வளவு பேசுகின்ற உலகம், குழந்தையின் உயிரைப் பற்றி என்ன பேசுகின்றது?

விமானம் கிளம்பும்போது பணிப்பெண்கள் வந்து கைப்பையை உள்ளே தள்ளச் சொல்லுகின்றார்கள். சமையற்பகுதியில் உள்ள காப்பிக் கெண்டிகூடப் பூட்டி வைக்கப்படுகின்றது. பெரியவர்கள் பெல்ட் போட்டாக வேண்டும். ஆனால் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை தாயின் மடியில் இருக்கலாம். விமானங்களுக்குப் பேர்போன அமெரிக்காவில் அப்படி மடியில் உள்ள குழந்தைக்கு யாதொரு கட்டும் கிடையாது. ஐரோப்பாவில் தாயின் பெல்ட்டோடு ஒரு சிறு பெல்ட்டைக் கோத்துக் கட்டுகின்றார்கள். அது குழந்தை பறந்துபோகாமல் பிடிக்குமே தவிர, மோதும்போது தாயின் உடம்பே குழந்தையின்மேல் மடிந்து நசுக்காமல் காக்காது. கைகளால் இறுகப் பிடித்துக்கொண்டால் போதாதா என்பார்கள். வேகம் திடீரென்று தடைப்படும்போது ஒன்பது மடங்கு விசை உண்டாவதாக வைத்துக்கொண்டால், 10 கிலோ குழந்தை 90 கிலோவாக இழுக்கும். எந்தத் தாயின் கை அதைத் தாங்கும்? அன்புக்குக் குறைவில்லை, கைக்குத்தான் அவ்வளவு பலமில்லை.

இது வெறும் கணக்கல்ல. 1989-ம் வருஷம் ஜூலை 19-ந்தேதி, டென்வரிலிருந்து சிக்காகோவுக்கு 296 பேரோடு போன யுனைடெட் கம்பெனி விமானத்தின் வால்பக்கத்து இயந்திரம் உடைந்து சிதறி, விமானத்தைத் திருப்புவதற்கான எண்ணெய்க் குழாய்கள் எல்லாம் அறுந்துபோயின. விமானம் சியூ சிட்டி என்ற ஊரில் மோதி உடைந்தது. 112 பேர் இறந்தார்கள். அதில் மடிக் குழந்தைகள் நாலு இருந்தன. தலைமைப் பணிப்பெண் ஜான் பிரவுன் அம்மையார், அக்காலத்து விதிப்படி, குழந்தைகளைக் காலடியில் தரையில் வைத்துப் பிடித்துக்கொள்ளும்படி பெற்றோர்களுக்குச் சொன்னார். நாலில் ஒரு குழந்தை இறந்துவிட்டது. பிழைத்து வெளியே வந்த அம்மையார், அந்தக் குழந்தையின் தாயை நேருக்கு நேர் பார்க்க வேண்டி வந்தது. அன்றிலிருந்து, குழந்தைக்கும் தனி ஆசனமும் தனிக் கட்டும் வேண்டும் என்று அவர் வருஷக்கணக்கில் போராடினார்.

அமெரிக்க விமான நிர்வாக இலாகா என்ன செய்தது? குழந்தைக்கு மிகவும் பத்திரமான இடம் மடியல்ல, தனிக் கட்டுள்ள ஆசனமே என்று அதுவே சொல்லுகின்றது. ஆனால் அதைக் கட்டாயமாக்கவில்லை. தனி டிக்கெட்டு வாங்கச் சொன்னால் பல குடும்பங்கள் மோட்டாரில் போகும், ரஸ்தாவில் அதைவிட அதிகம் பேர் சாவார்கள் என்று 1995-ல் அந்நாட்டுக் காங்கிரசுக்குக் கணக்குக் காட்டியது. ரஸ்தா ஆபத்தானது என்பது உண்மையே. ஆனால் இந்தக் கணக்கில் டிக்கெட்டின் விலை மட்டும் மலைபோல் அசையாமல் நிற்பதாக வைத்துக்கொண்டார்கள். குழந்தையின் ஆசனத்துக்கு விலையைக் குறைத்தால் அந்தக் குடும்பம் ஏன் ரஸ்தாவுக்குப் போகின்றது? குழந்தை இல்லாத வரிசைக்கு விலை வைக்கத் தெரிந்த கம்பெனிகளுக்கு, குழந்தை உயிரோடு இருக்க ஓர் ஆசனத்துக்குக் குறைந்த விலை வைக்கத் தெரியாதா?

தோழர்களே! குழந்தை அழுதால் கூப்பாடு போட ஆயிரம் பேர் இருக்கின்றார்கள். அதே குழந்தை கட்டில்லாமல் மடியில் இருப்பதைப் பார்த்து, இது என்ன அநியாயம் என்று கேட்க எத்தனை பேர் இருக்கின்றார்கள்? தன் தூக்கம் கெடுவது தெரிகின்றது. பக்கத்தில் ஓர் உயிர் பத்திரமில்லாமல் இருப்பது தெரியவில்லை. மரியாதை என்பதை நாம் எவ்வளவு கோணலாகக் கற்றுக்கொண்டிருக்கின்றோம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

ஆகவே நாம் சொல்லுவது இதுதான். கைக்குழந்தையின் அழுகைக்கு யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. விவரம் தெரிந்த பிள்ளைக்குக் காரணம் சொல்லிப் பழக்க வேண்டியது பெற்றோர் கடமை. குடும்பத்தைப் பிரிக்காமல் உட்கார வைப்பதும், குழந்தையின் ஆசனத்துக்கும் கட்டுக்கும் ஏழை கொடுக்கக் கூடிய விலை வைப்பதும் கம்பெனிகளின் கடமை. அதைக் கட்டாயமாக்க வேண்டியது சர்க்காரின் கடமை. சக பிரயாணியின் கடமை மிகச் சொற்பம். பக்கத்தில் குழந்தை அழுதால், அந்தத் தாயைப் பார்த்து, "காதுதான் அம்மா அடைத்திருக்கும், பால் கொடுத்துப் பாருங்கள், பையை நான் பிடித்துக்கொள்கின்றேன்" என்று சொன்னால் போதும். அதற்குப் பணம் வேண்டாம். நாமும் ஒரு நாள் அழுதவர்கள்தான் என்ற ஞாபகம் இருந்தால் போதும்.